எலைன் படித்த கண்கள்

ஒன்பது வருடத்தில் எத்தனை கண்களைப் படித்திருப்பாள் என்று கேட்டால் எலைனுக்கே கணக்குத் தெரியாது. பார்த்திருப்பாள் என்று சொல்லவில்லை, படித்திருப்பாள். அமெரிக்காவில் எவனோ ஒருத்தன் புல் வெட்டும்போது கண்ணில் கல் தெறித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவான். டாக்டர் எழுதிய குறிப்பு மறுநாள் காலை பழைய தங்கச் சுரங்க ஊரான மைசூர் மைன்ஸில், முன்னறை ஜன்னலோரம் இருக்கும் எலைனின் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். அதைப் படித்து அந்தக் காயத்துக்கு உரிய குறியீட்டு எண்ணை, அதாவது கோடைப் போட வேண்டியது அவள் வேலை. துணுக்கு விழியின் மேலேயே ஒட்டியிருந்தால் டி-15. அதே துணுக்கு விழியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போயிருந்தால் எஸ்-05. வலதா இடதா என்பதற்குப் பின்னால் இன்னும் ஓர் எண். இன்சூரன்ஸ்காரன் அந்த எண்ணைத்தான் பார்ப்பான், ஆளைப் பார்க்க மாட்டான்.

விலங்கியல் படித்துவிட்டு ஐந்து வருடம் அதிகாலை ரயிலில் நின்றபடியே பெங்களூருக்குப் போய் வந்தவள். கொரோனா வந்தது, வேலை வீட்டுக்கே வந்துவிட்டது. ஆனால் ஊருக்கு அவள் என்ன செய்கிறாள் என்பது இன்றுவரை பிடிபடவில்லை. சர்ச் விட்டு வெளியே வந்தால் யாராவது ஒரு அக்கா கையைப் பிடித்துக்கொள்வாள். "எலைன், நாலு நாளா கண்ணு எரியுது, இன்னா மருந்து ஊத்தலாம்?" என்பாள். "அக்கா, எனக்கு நம்பர் மட்டும்தான் தெரியும், மருந்து தெரியாது" என்று சொல்லிச் சொல்லி எலைனுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அந்த வேலையில் இரண்டு சட்டங்கள். டாக்டர் எழுதாதது நடக்கவில்லை என்பது முதல் சட்டம். எத்தனை தெளிவாகத் தெரிந்தாலும் கோடு போடுகிறவள் தானாக ஊகிக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் டாக்டருக்கே கேள்வி எழுதி அனுப்பலாம். ஆனால் பதிலைக் கேள்விக்குள் வைத்துத் தரக் கூடாது, இது இரண்டாவது. "இரும்பு உள்ளே போயிருக்கிறதா?" என்று கேட்டால் குற்றம். "இந்தக் காயத்தைப் பற்றி மேலும் விளக்க முடியுமா?" என்று கேட்டால் சரி. மூன்று வருடத்துக்கு முன்னால் எலைன் அவசரத்தில் முதல் மாதிரி கேட்டுவிட்டாள். டீம் லீடர் மேகனா ஆன்லைன் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் அதை ஸ்க்ரீனில் போட்டுக் காட்டி, "டாக்டர் வாயில வார்த்தைய திணிக்கிறதுக்கு நீங்க யாரு?" என்று கேட்டாள். சூடு கண்ட பூனையானாள் எலைன். அதற்கப்புறம் வீட்டில்கூட அவள் கேள்விகளெல்லாம் பொத்தாம்பொதுவாகிவிட்டன.

அவள் புருஷன் வால்டருக்கு வெல்டிங் ஷெட். பேத்தமங்களா, பூதிகோட்டைப் பக்கத்து டிராக்டர்களெல்லாம் அவன் கைக்குத்தான் வரும். ஊரில் உள்ளவன் கண்ணையெல்லாம் படிக்கிறவளுக்குத் தன் வீட்டுக்காரன் கண்ணைப் பற்றிப் பயம் இல்லாமல் இருக்குமா? பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்து, அதைப் போடாமல் சுத்தியலைத் தொடுவதில்லை என்று பைபிள் மேல் கை வைத்துச் சத்தியமும் வாங்கியிருந்தாள். சத்தியம் செய்தவனும் நல்ல மனுஷன்தான். கண்ணாடி வியர்வையில் மங்குகிறது என்று கழுத்தில் மாட்டிக்கொள்வான், அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வால்டர் இடது கண் சிவந்து நீர் வடிய வீட்டுக்கு வந்தான்.

"இன்னா ஆச்சி?"

"பேத்தமங்களா ரோட்டுல லாரி பின்னாடி வந்தேன். தூசி வுழுந்துட்ச்சி."

பஜாரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். என்ன விழுந்தது என்று அவர் கேட்டார், தூசி என்று வால்டர் சொன்னான். டார்ச் அடித்துப் பார்த்து, மேலே ஒரு கீறல் இருக்கிறது, சொட்டு மருந்து போட்டால் சரியாகிவிடும் என்று எழுதிக் கொடுத்தார். எலைன் சீட்டை வாங்கிப் படித்தாள். தூசி, கீறல். மனசு ஒப்பவில்லை. வால்டர் சட்டையில் ரோட்டுப் புழுதி ஒரு பொட்டு இல்லை, இரும்பு வாடைதான் அடித்தது. உள்ளே ஏதாவது போயிருக்குமா டாக்டர் என்ற கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே வந்ததோ வேறு.

"வேற எதுனா பாக்க வேண்டியிருக்கா டாக்டர்?"

"ஒண்ணும் இல்லம்மா. தைரியமா போங்க."

மறுநாள் சர்ச்சில் காலை வெயில் வால்டரின் முகத்தில் நேராக விழுந்தது. சிவப்பு கொஞ்சம் வடிந்திருந்தது. எலைன் பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். இடது கண்ணின் மணி வட்டமாக இல்லை. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, விழப்போகும் சொட்டுத் தண்ணீர் மாதிரி இருந்தது. இந்த வர்ணனையை அவள் எத்தனையோ குறிப்புகளில் படித்திருக்கிறாள். விழி எங்கேயோ ஓட்டையாகிவிட்டது என்று அர்த்தம். ஆனால் படித்ததுதானே? உயிருள்ள கண்ணில் அது எப்படி இருக்கும் என்று அவளுக்கு யார் காட்டினார்கள்? முன்னாலேயே அப்படித்தான் இருந்ததோ? பத்து வருடம் குடும்பம் நடத்தியவள், புருஷன் கண்மணி வட்டமா இல்லையா என்று ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பிரசங்கம் முழுக்க அவள் காதில் ஒரு வார்த்தை ஏறவில்லை. வீட்டுக்கு வந்து குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். வால்டர் அதையும் சாப்பிட்டு முடித்தான்.

"கண்ணு எப்பிடி இருக்கு?"

"பரவால்ல."

"வலி?"

"அவ்வளவா இல்ல."

வலி இல்லை என்றதும்தான் அவளுக்குப் பயம் கூடியது. வேகமாகத் தெறிக்கிற இரும்பு அதிகம் வலிக்காமலே உள்ளே போய்விடும், அதையும் படித்திருக்கிறாள். டாக்டர் பார்த்துத்தானே எழுதினார், நான் யார் அதற்கு மேலே சொல்ல என்று ஒரு மனசு. எழுந்து போய்க் கேளடி என்று இன்னொரு மனசு. இரண்டுக்கும் நடுவில் ஞாயிற்றுக்கிழமை கழிந்தது. வால்டர் ஷெட்டுக்கும் போகாமல், டிவியும் போடாமல், வீட்டுக்குள்ளேயே அவள் கண்ணில் படுகிற மாதிரி உட்கார்ந்திருந்தான்.

திங்கட்கிழமை காலை அவள் திறந்த நான்காவது குறிப்பு ஒரு மெக்கானிக்குடையது. சுத்தியலால் இரும்பை அடித்தபோது ஏதோ பட்டது, வலி இல்லை என்பதால் மூன்று நாள் வீட்டிலேயே இருந்தான் என்று எழுதியிருந்தது. எலைன் கடைசி வரிக்குத் தாவினாள். உள்ளே சீழ் பிடித்து, கண்ணையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. கோடு போடவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்தபடியே போட்டுவிட்டு, செருப்பு மாட்டியும் மாட்டாமலும் ஷெட்டுக்கு ஓடினாள்.

வால்டர் பட்டறையில் எதையோ பிடித்துக்கொண்டு வெறுமனே நின்றிருந்தான். அவள் பேசாமல் போய் அவன் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தினாள்.

"எதிர்ல இருக்கிற போர்டு படிங்க."

"புகை மாதிரி கீது."

"சுத்தி அடிச்சீங்களா?"

"ம்."

"கண்ணாடி போடலையா?"

"இல்ல."

"துண்டு தெறிச்சிதா?"

வால்டர் தலையைக் குனிந்துகொண்டான். "டிரெய்லர் பின்னு சிக்கிக்கிச்சி. உளி வெச்சி அடிச்சேன். சத்தியம் வாங்கினியே, அதான் தூசின்னு சொல்லிட்டேன்."

பக்கத்து வீட்டுக் கோவிந்தனின் காரில் பெங்களூருக்குப் பறந்தார்கள். ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் பேனாவைத் திறப்பதற்குள் எலைன் கொட்டிவிட்டாள். "சனிக்கிழம மத்தியானம். இரும்பு மேல சுத்தி. இடது கண்ணு. துண்டு உள்ள இருக்கு டாக்டர். எம்.ஆர்.ஐ. மட்டும் வேண்டாம், காந்தத்துல இரும்பு நகந்துடும். சி.டி. எடுங்க."

அவர் ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க நர்ஸா?"

"கோடிங் வேலை, டாக்டர்."

"நானும் சி.டி.தான் எழுதப்போறேன்" என்றார் அவர். சிரிக்கவில்லை, வால்டர் கண்ணைப் பார்த்தபடியே எழுதினார்.

எள்ளில் பாதி இருந்தது துண்டு. அன்று சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். கண் தங்குமா, பார்வை தங்குமா என்பதைக் கட்டுப் பிரித்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார்கள். எலைன் ஜெபம் செய்யக்கூட வார்த்தை வராமல் வராண்டா பெஞ்சில் கிடந்தாள்.

காலையில் கட்டைப் பிரித்தார் பெரிய டாக்டர். நல்ல கண்ணை மூடிவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் நின்று விரலைக் காட்டினார்.

"எத்தனை?"

"தெரியல டாக்டர்."

இரண்டடி முன்னால் வந்தார். "இப்போ?"

வால்டர் இல்லை என்று தலையாட்டினான். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கையைக் கொண்டுவந்தார்.

"ரெண்டு" என்றான் வால்டர்.

"கண்ணுக்கு ஆபத்து தாண்டியாச்சு" என்றார் டாக்டர். "பார்வை கொஞ்சம் கூடலாம். பழையபடி வராது. அடிபட்ட அன்னைக்கே வந்திருந்தா இன்னும் நிறைய மிஞ்சியிருக்கும்."

"தப்பு என் மேலதான் டாக்டர். தூசின்னு பொய் சொன்னேன். பாவம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியும்" என்றாள் எலைன். "எனக்கு ஞாயித்துக்கிழமையே தெரியும்."

டாக்டர் இருவரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வால்டர் அவள் பக்கம் திரும்பினான். "சர்ச்சுல என் மூஞ்சியே பாத்துக்கினு இருந்தியே, அப்பவா?"

"ஆமா."

"நீ பாக்கறத நானும் பாத்தேன். நானா சொல்ல பயம். இப்ப கேப்பா, இப்ப கேப்பான்னு அன்னிக்கி பூரா உன் எதிர்லயே உக்காந்திருந்தேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் எலைன்."

எலைன் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகைதான் வந்தது.