கரவன் இழுக்க ஒரு கெப்

ஐந்தாவது வளைவில் டிரைவர் சுனில் ஸ்டியரிங்கை முழுவதுமாக வலப்பக்கம் திருப்பினார். பின்பெட்டி திறந்த அந்தக் கெப் வண்டி திரும்பவில்லை. நேராகவே போய்க்கொண்டிருந்தது. நேரே போனால் தேயிலைச் சரிவு. அதற்குக் கீழே இன்னொரு தேயிலைச் சரிவு. பின்னால் ஒரு கரவன் தொங்கிக்கொண்டு வந்தது. நான் பின் சீட்டில், மடியில் பதினெட்டு மாத மகளும் கையில் ஓர் அறிக்கையுமாக இருந்தேன். கரவன் இழுக்க இந்தக் கெப்தான் பொருத்தமானது என்று சொல்லும் அறிக்கை. எழுதியவள் நான்.

எனக்கு முப்பத்தொரு வயது. பணி அனுபவம் எழுதுகிற வயதல்ல. ஆனால் எங்கள் ஆபீசுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சமையலறையில் சொல்லப்படும் கதையில் நான் கெப்பிலிருந்து குதித்ததாக வருகிறது. நான் குதிக்கவில்லை. குதிப்பதா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. ஆகவே நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

1. கணக்குப் படித்த குற்றம்

எங்கள் தோட்டம் எஹலியகொடவுக்குப் பக்கத்தில். கீழே இறப்பர், மேலே தேயிலை. பழைய துரை பங்களாவை உல்லாசப் பயணிகளுக்கு விடும் ஆபீசில் நான் புக்கிங் கிளார்க். முந்திய வருடம்தான் பிரசவ லீவு முடித்து வந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்கான கடிதம் மெனேஜரின் மேசை லாச்சியில் கையெழுத்துக்காகக் கிடந்தது. அந்த லாச்சியைக் கடந்து போகும்போதெல்லாம் நான் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தேன்.

அந்தச் சமயத்தில் கொழும்பு முதலாளிமார் ஒரு கரவன் அனுப்பினார்கள். சக்கரத்தில் நிற்கும் சின்ன வீடு: இரண்டு கட்டில், ஓர் அடுப்பு, ஒரு மனிதர் பக்கவாட்டாக நுழையக்கூடிய கழிவறை. தோட்டத்தின் மேல் பிரிவு உச்சியில் நிறுத்தினால் வெளிநாட்டார் மேகத்துக்குள் தூங்கி எழும்புவார்கள் என்பது திட்டம். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் கரவனைக் கீழே இழுத்து வர வேண்டும். வானம் வெளுத்தால் திரும்பவும் மேலே. எங்கள் மாவட்டத்து மழையை அறிந்தவர்களுக்கு, இது ஒருதரம் செய்து முடிக்கிற வேலையல்ல என்பது புரியும். மேல் பிரிவுக்கு ஏழு கிலோமீட்டர், ஒன்பது வளைவு. இழுக்க வாகனம் மட்டும் இல்லை.

மெனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க ஏ.எல். சோதனைக்கு மெட்ஸ் தானே செஞ்சீங்க?"

"ஆமா சேர். ஆனா ரெண்டு தரம் செஞ்சேன்."

"அப்ப ரெண்டு மடங்கு தெரியும். நல்ல டபுள் கெப் ஒன்னு பார்த்து, ஏன் அதுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. கீழ உங்க கையெழுத்து."

அவருடைய கையெழுத்து எங்கே வரும் என்று கேட்க நினைத்தேன். லாச்சி ஞாபகம் வந்தது. சிரித்தேன்.

2. வரக்காப்பொலயில் இரண்டு கெப்

வரக்காப்பொலயில் ஒரு முஸ்லிம் அண்ணன், எல்லோருக்கும் நானா, வாகனம் விற்கும் இடம் வைத்திருந்தார். மெனேஜரும் நானும் போனோம். வாசலிலேயே ஒரு கறுப்புக் கெப் நின்றது. உயர்த்திய உடம்பு, அகன்ற டயர், முன்னால் இரும்புக் காப்பு, கூரையில் தட்டு, அதன் மேல் நான்கு லைட். கல்யாணத்துக்கு அலங்கரித்தது மாதிரி இருந்தது.

"நான் பொய் செல்ல மாட்டேன் சேர்," என்றார் நானா. "மூவாயிரம் கிலோ இழுக்கும். யானயக் கட்டினாலும் இழுக்கும்."

மெனேஜர் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைத் திருப்பினார். பின்னால் வரும் வாகனம் தெரிவதற்காக அல்ல, தலைமுடி தெரிவதற்காக. அந்த நொடியிலேயே கெப் வாங்கியாகிவிட்டது. மிச்சமிருந்தது என்னுடைய ஒரு பக்கம் மட்டும்.

நான் கதவைத் திறந்து கதவு நிலையில் ஒட்டியிருந்த லேபலைப் படித்தேன். புதியவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு இழுக்கும் என்பதை விற்பவர் சொல்வார். எவ்வளவு சுமக்கும் என்பதை லேபல்தான் சொல்லும். இரண்டும் ஒன்றல்ல. கரவனின் கொக்கி கெப்பின் வாலில் உட்காரும். கரவனின் கனத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அங்கே அழுத்தும். அதை இழுவையாக மட்டும் பார்க்கக் கூடாது, கெப் சுமக்கும் கனத்திலும் சேர்க்க வேண்டும்.

"நானா, இதுல எவ்வளவு ஏத்தலாம்?"

"இழுக்கத்தானே தங்கச்சி வாங்குறீங்க. ஏத்தவா?"

மூலையில் இன்னொன்று நின்றது. சாம்பல் நிறம். ஏதோ வேலைத்தளத்தில் ஓடியது. கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்க வேண்டும். பின்னால் கனத்த பட்டை வில்லுகள். நானா அதைக் காட்ட வெட்கப்பட்டார். "அது சும்மா நிக்குது," என்றார், வீட்டில் வேலை இல்லாமல் இருக்கும் மச்சானைப் பற்றிச் சொல்வது போல. அது இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோதான் இழுக்கும். ஆனால் ஆயிரத்து ஐம்பது கிலோ சுமக்கும்.

வீட்டுக்கு வந்து மகளைத் தூங்கவைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். கரவன் சாமானும் தண்ணீருமாக ஆயிரத்து அறுநூறு. கறுப்புக் கெப் சுமக்கக்கூடியது அறுநூற்றைம்பது. பிறகு பூட்டிய இரும்பு அலங்காரத்துக்கு நூறு கழித்தேன். கொக்கியில் அழுத்துவது நூற்றறுபது. உள்ளே ஐந்து பேர், முந்நூற்று நாற்பது. மிச்சம் ஐம்பது கிலோ. சாம்பல் கெப்பில் மிச்சம் ஐந்நூற்றைம்பது. ஐம்பதும் மிச்சம்தானே என்று நினைத்தேன். மெனேஜருக்குப் பிடித்ததும் கணக்குக்குச் சரியானதும் ஒன்றாக இருப்பது எவ்வளவு நிம்மதி. "மிகுதி 50 கிலோ" என்று எழுதி, கீழே அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன்.

தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்த நான், எங்கள் தோட்டத்துச் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த ஒன்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

3. வெள்ளோட்டம்

நானா கறுப்புக் கெப்பை ஒரு நாளைக்குப் பரீட்சைக்குக் கொடுத்தார். பிள்ளைக் காப்பகம் அன்று மூடியிருந்ததால் மகளையும் கொண்டு போனேன். மகளைக் கொண்டுவரலாமா என்று மூன்று தரம் யோசித்தேன். என் அறிக்கையை நானே நம்பாவிட்டால் எப்படி என்று நான்காவது தரம் யோசித்து ஏறினேன்.

ஆபீசிலிருந்து இன்னும் இரண்டு பேரைச் சேர்த்து, ஐந்து பேராகக் கரவனை மாட்டிக்கொண்டு புறப்பட்டோம். தொழிற்சாலையடியில் செபமாலை அக்கா கை காட்டினார். மேல் பிரிவில் கொழுந்து எடுப்பவர். காலடியில் கோதுமை மா மூட்டை.

"மேலதான போறீங்க?"

சுனில் பிரேக் அடித்தார். எங்கள் தோட்டத்தில் மேலே போகிற வாகனம் ஆளைக் கண்டால் நிற்கும். நிற்காத டிரைவருக்கு மேல் பிரிவில் பச்சைத் தண்ணீர்கூடக் கிடைக்காது. மெனேஜர் தடுப்பார் என்று பார்த்தேன். அவர் தலையை வெளியே நீட்டி, "ஏறுங்க ஏறுங்க, புதுக் கெப்," என்றார்.

மூன்றாம் வளைவுக்கு வருவதற்குள் பின்பெட்டியில் ஆறு பேர், மா மூட்டை, அரிசி மூட்டை, ஒரு கேஸ் சிலிண்டர். நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். என்னுடைய ஐம்பது கிலோ முதல் மூட்டையோடு முடிந்திருந்தது. கெப்பின் வால் பதிந்து மூக்கு தூக்கியது. கண்ணாடிக்கு முன்னால் வீதிக்குப் பதிலாக வானம் தெரிந்தது.

"சேர்," என்றேன், "கொஞ்சம் பாரம் கூட இல்லையா?"

"மூவாயிரம் கிலோ இழுக்கும் மிஸ்," என்றார் மெனேஜர்.

நான்காம் வளைவில் சுனில் மெதுவாகச் சொன்னார்: "மிஸ், ஸ்டியரிங் லேசாயிடுச்சி. கையில ஒன்னும் இல்லாத மாதிரி."

ஐந்தாவதில், ஈர மண்ணில், முன்சக்கரங்கள் திரும்பியபடியே நேராக வழுக்கின. சுனில் பிரேக்கை அமத்தினார். இடது சக்கரம் ஓரத்துக் கல்லில் முட்டி நின்றது. உடனே கரவன் எங்களைப் பின்னுக்கு இழுக்கத் தொடங்கியது. நான் மகளின் தலையை என் நெஞ்சோடு அமத்திக்கொண்டேன்.

பின்பெட்டியிலிருந்து ஆறு பேரும் குதித்தார்கள். கட்டளை போட யாருமில்லாமலே கல் தூக்கி வந்து கரவன் சக்கரத்துக்கும் கெப் சக்கரத்துக்கும் அடை கொடுத்தார்கள். கெப் நின்றது. செபமாலை அக்கா கதவைத் திறந்து மகளை வாங்கிக்கொண்டார்.

"புள்ள சிரிக்குது பாருங்க. நீங்கதான் வெளுத்துப் போயிட்டீங்க."

மெனேஜர் இறங்கி, முதலில் கறுப்புக் கெப்பின் பெயின்டைப் பார்த்தார். பிறகு ஆட்களைப் பார்த்தார். "இவங்க ஏறினதாலதான். இனி ஆள் ஏறக் கூடாதுன்னு போர்ட் போடணும்."

"போடுங்க தொர," என்றார் செபமாலை அக்கா, மகளை ஆட்டிக்கொண்டே. "ஆனா போர்டயும் மேல ஏத்திட்டுப் போகணுமே. எங்கள விட்டா யாரு ஏறி அதப் புடிச்சிக்கிட்டு வாரது?"

எல்லோரும் சிரித்தார்கள். மெனேஜர் மட்டும் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

4. ஒரு பக்கம், இரண்டாம் முறை

மறுநாள் மெனேஜர் தெளிவாகச் சொன்னார். அறிக்கை அப்படியே இருக்கட்டும். கடைசியில் ஒரு வரி மட்டும் சேர்த்தால் போதும்: பின்பெட்டியில் ஆட்கள் ஏற்றப்பட மாட்டார்கள். சொல்லிவிட்டு லாச்சியைத் திறந்து, எதையோ தேடுவது போல் என் கடிதத்தைப் புரட்டினார்.

அந்த ஒரு வரியை எழுதுவது சுலபம். எழுதினால் சுனில் ஒவ்வொரு நாளும் செபமாலை அக்காவைக் கடந்து போக வேண்டும். சுனில் நிற்காமல் போக மாட்டார். அடுத்த தரம் கல் முட்டாமல் விட்டால், ஆள் ஏற்றிய குற்றம் அவருடையது. என் அறிக்கை சுத்தமாக இருக்கும்.

என் கணவர் ரெஜியிடம் கேட்டேன். "உன் பேர் போட்ட பேப்பர். தெரிஞ்சத எழுது. வேல போனா பார்ப்போம்," என்றார். ஐந்து நிமிடம் கழித்து வந்து, "போகாது தானே?" என்று கேட்டார்.

நான் சுனிலைப் பிடித்து, போன மாதம், கரவன் இழுக்க முடியாத எங்கள் பழைய ஜீப்பில் மேலே போனவற்றையெல்லாம் சொல்லச் சொன்னேன்.

"மா, அரிசி, கேஸ். ஒரு அலுமாரி. கோயிலுக்கு மேளக்காரங்க நாலு பேர், மேளத்தோட. ஒரு மாப்பிள்ள."

"மாப்பிள்ளையா?"

"பொண்ணு மேல தானே மிஸ் இருக்கு."

ஒவ்வொரு பயணத்துக்கும் கனம் எழுதினேன். அலுமாரி போன நாளைத் தள்ளிவிட்டால், எந்த நாளிலும் நானூறு கிலோவுக்கு மேல் போகவில்லை. புதிய அறிக்கையில் "வழியில் ஏறுவோர், சாமானுடன்: 400 கிலோ" என்று ஒரு வரி போட்டேன். சாம்பல் கெப்பில் அது அடங்கியது. கறுப்பில் அடங்கவில்லை. கரவனின் தண்ணீர் டாங்கியைக் காலியாகக் கொண்டுபோய் மேலே ஊற்றுத் தண்ணீர்ப் பீலியில் நிரப்ப வேண்டும் என்றும் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துக் கொஞ்சம் கோணலாக வந்தது.

மெனேஜர் படித்தார். "ஆள் ஏத்துறத ரிப்போர்ட்ல எழுதுறதா? கொழும்பு என்ன நினைக்கும்?"

"எழுதாட்டி அவங்க கனம் குறையாது சேர்."

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். அதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

மெனேஜர் அறிக்கையைக் கொழும்புக்கு அனுப்பினார். கொழும்பு ஒரே ஒரு கேள்விதான் கேட்டது: வெளிநாட்டாரையும் ஏற்றிக் கரவனை இழுக்கும்போது எந்தக் கெப் பத்திரம்? அதற்குக் கறுப்பு என்று பதில் எழுத மெனேஜரால் முடியவில்லை. சாம்பல் கெப் வந்தது. என் கடிதமும் வந்தது: நிரந்தரம் அல்ல, சோதனைக் காலம் மேலும் மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் அதிகமாகச் சிரிக்க வேண்டியிருந்தது.

5. பெஞ்ச்

போர்ட் போடவில்லை. சுனிலும் தச்சரும் பின்பெட்டியில் இரண்டு சின்ன பெஞ்ச் அடித்தார்கள். பக்கத்துக்கு மூன்று பேர், ஆறு பேர். மூட்டைகள் நடுவில். ஏறாதே என்று சொன்னால் எங்கள் ஆட்கள் கேட்க மாட்டார்கள். பெஞ்ச் நிறைந்துவிட்டது என்றால் ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த ஓட்டத்துக்கு நிற்பார்கள்.

முதல் விருந்தாளிகள் வந்த அன்று, கெப்புக்குள் அவர்களும் மெனேஜரும் வழிகாட்டியும். நான் மேலே போய்க் கட்டில் விரிக்க வேண்டும். மகளோடு பின்னால் போனேன். பெஞ்சில் ஆறு பேர்.

"நான் ஓரமா நின்னுக்கிறேன்," என்றேன்.

செபமாலை அக்கா நகரவில்லை. "பெஞ்சு நெறஞ்சிருச்சே மிஸ்."

சுனில் ஜன்னலைக் கையால் சுற்றி இறக்கினார். "ஏழாவது ஆள், மிஸ். நீங்கதானே கணக்கு எழுதினது."

விரிப்புகளை மட்டும் ஏற்றிவிட்டேன். கெப் கரவனை இழுத்துக்கொண்டு நிதானமாக ஏறிப் போனது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் நடந்தேன்.

வாகனம் தேர்ந்தெடுக்கும் வேலை உங்களுக்கு வந்தால், அதில் யார் ஏற வேண்டும் என்று மேலிடம் சொல்வதை எழுதாதீர்கள். யார் ஏறுவார்கள் என்று டிரைவரிடம் கேட்டு எழுதுங்கள். கணக்குச் சரியாக இருந்தால் அது ஒரு நாள் உங்களையும் இறக்கிவிடும். கோபப்படாமல் நடந்து போங்கள்.

பாதி வழியில் மகள் தூங்கிவிட்டாள். தூங்குகிற பிள்ளைக்குக் கனம் அதிகம். அது எந்த லேபலிலும் இல்லை.