தம்பியின் ஸ்வெட்டரைக் கழற்றிய காலை

தம்பி பிறந்த மூன்றாவது மாதம் மார்கழி வந்தது. முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்போது காலி மனைகள்தான். பனி ஜன்னல் வழியாக நேரே உள்ளே வரும். தம்பிக்குச் சளி பிடித்தது. அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, வைத்தியப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். ஒரு ஸ்வெட்டர், அதன்மேல் இன்னொரு ஸ்வெட்டர், குல்லா, கம்பளி. மூக்கு நுனி மட்டும்தான் எங்கள் கண்ணுக்குத் தெரிந்த தம்பி.

இரண்டு நாள் ஓயாமல் அழுதவன் மூன்றாம் நாள் காலையில் அமைதியானான். பால்கூடக் கேட்கவில்லை.

"அப்பாடா, கண்ணசந்துட்டான்" என்றார் அத்தை. அம்மாவும் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள்.

எனக்கு ஒன்பது வயது. தடுப்பூசி போட வந்த நர்ஸம்மா அம்மாவிடம் சொன்னதை நானும் கேட்டிருந்தேன்: சளி பிடித்த குழந்தை மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வர வேண்டும். அது எப்படிப்பட்ட குழி என்று பார்க்க எனக்கு ஆசை. கம்பளியை விலக்கி, பொத்தான்களைக் கழற்றினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுந்துகொண்டிருந்தது.

"அத்தே, குழி விழுது."

"தூங்கற புள்ளைய ஏன்டி நோண்டுற? குளிர் ஏறிடும், மூடு."

மூடவில்லை. உள் ஸ்வெட்டரையும் கழற்றினேன். முதுகில் பளாரென்று ஓர் அறை விழுந்தது. "அம்மா!" என்று நான் போட்ட கூச்சலில் அம்மா விழித்துத் தம்பியின் மார்பைப் பார்த்தாள். அடுத்த நிமிடம் அவனை வாரிக்கொண்டு, செருப்பில்லாமல், அப்பாவின் பைக்கில் ஏறியிருந்தாள். நானும் அத்தையும் பின்னாலேயே ஆட்டோவில் போனோம்.

தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரி. தம்பிக்கு ஆக்சிஜன் வைத்துவிட்டு டாக்டரம்மா வெளியே வந்தார்.

"நிமோனியா. நேரத்துக்குக் கொண்டு வந்துட்டீங்க. யார் கவனிச்சது?"

அத்தை என்னை முன்னால் தள்ளினார். "எந் தம்பி பொண்ணு டாக்டர். நான் அடிச்சும் கேக்கல."

ஐந்தாம் நாள், பால் தரத் தாமதமானதென்று தம்பி வார்டே அதிர அழுதான். அம்மா சிரித்தாள், அப்பா சிரித்தார், நர்ஸ்களும் சிரித்தார்கள். அத்தை பக்கத்துக் கட்டில்காரர்களிடமெல்லாம் என் கதையைச் சொன்னார். சொல்லச் சொல்ல என் முதுகில் விழுந்த அந்த அறை பலமாகிக்கொண்டே போனது. நான் கலெக்டர் மாதிரி வராந்தாவில் நடந்தேன்.

வீடு திரும்பும்போது ஆட்டோவில் அத்தை கேட்டார்: "எந்த எடத்துல குழி விழும்? இன்னொரு தபா காட்டு."

என் விலாவில் விரல் வைத்துக் காட்டினேன். நாலைந்து முறை காட்டச் சொன்னார். பெரியவருக்கே பாடம் எடுக்கிற பெருமையில் சலிக்காமல் காட்டினேன். நான் பிறப்பதற்கு முன் ஒரு மார்கழியில் அத்தையின் கைக்குழந்தையும் சளியோடு அழுது ஓய்ந்து அமைதியாகத் தூங்கியது, பிறகு எழுந்திருக்கவே இல்லை என்பதை அதுவரை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.