டேப் போட்ட வால்ட்ஸ்

போன வாரம் முழுக்க ஒரு பியானோவிடம் தோற்றுக்கொண்டிருந்தேன்.

ராயபுரத்தில் லாசர் அங்கிள் வீட்டில் இருக்கும் பழைய பியானோ. தானே வாசிக்கும். ஓட்டை போட்ட காகித ரோலை மாட்டிப் பெடலை மிதித்தால் போதும் — எந்த ஓட்டை வருகிறதோ, அந்தச் சுரம் ஒலிக்கும். காகிதம் ஒரு நூல் விலகினாலும் பக்கத்துச் சுரமும் சேர்ந்து அலறும்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் ரெஜினா ஆன்ட்டிக்கும் ஐம்பதாவது கல்யாண நாள். கல்யாணத்தன்று அவர்கள் ஜோடியாக ஆடிய வால்ட்ஸ் நடன இசை ரோலில் ஓரம் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. நான் மணலி ஃபேக்டரி ஒன்றில் டெக்னீஷியன். வாய் சும்மா இருக்குமா? சரிசெய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஒட்டினேன். அன்றிலிருந்து ரோல் இடப்பக்கமாக ஒதுங்க ஆரம்பித்தது... வால்ட்ஸ் பாதியில் லாரி ஹாரன் ஆனது.

பியானோவின் நான்கு காலுக்கும் மட்டம் பார்த்தேன். உள்ளே காற்று ஓடும் ரப்பர் குழாய்களை ஊதிப் பார்த்தேன். ரோல் மாட்டும் அச்சைக் கழற்றி மாட்டினேன். ஒவ்வொரு சோதனைக்கும் மிதித்தது அங்கிள்.

"சைக்கிள்ல இவ்ளோ மிதிச்சிருந்தா எண்ணூர் போய்ட்டே வந்துருப்பேன் நைனா."

சனிக்கிழமை மாலை ஆன்ட்டி தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தார். ரோலின் ஓரத்தை விரலால் தடவினார்.

"இன்னாடா இது, பிசுக்குனு கீது?"

"டேப் ஆன்ட்டி. கிழிஞ்ச எடத்துல..."

"ஓரம் பூரா கீதே?"

"இனிமேலும் கிழியக் கூடாதுன்னு..."

"வலப்பக்கம் வெளியில துருத்திக்கினு கீது, பாரு."

பார்த்தேன். காகிதத்தின் இரு ஓரத்தையும் இரண்டு சின்ன இரும்பு விரல்கள் தொட்டுக்கொண்டிருக்கும். ரோல் ஒதுங்கினால் அதை நடுவுக்குத் தள்ளும் ஏற்பாடு அது. வலது விரலில் என் டேப் இடித்திருக்கிறது. ரோல் வலப்பக்கம் ஒதுங்கிவிட்டதாக நினைத்து, பாவம் பியானோ, இடப்பக்கம் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது.

முழு ஓரத்துக்கும் ஏன் ஒட்டினேன்? எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். ஹார்பரில் மூட்டை தூக்கிய அப்பா, எழுத்திருக்கும் எந்தக் காகிதத்தையும் வெறுமனே விட்டதில்லை. புத்தகத்துக்கு அட்டை, அட்டையின் நாலு ஓரத்துக்கும் டேப். என் மார்க் ஷீட் வந்த அன்றே லேமினேஷன்.

பழுது என்றால் ஊரில் உள்ள எல்லா ஸ்க்ரூவையும் சந்தேகப்படுவோம்... நாம் கை வைத்த இடத்தைத் தவிர. இல்லையா?

துருத்திய டேப்பை மட்டும் ஆன்ட்டி கத்தரித்தார், ஜாக்கெட் துணியின் பிசிறை நறுக்குவது போல. மறுநாள் ரோல் நேராக ஓடியது. நான் மிதித்தேன். அவர்கள் ஆடினார்கள். அங்கிள் இரண்டு முறை ஆன்ட்டியின் காலை மிதித்தார்.

"ஒரு வாரமா பெடல மிதிச்சு பழகிட்ச்சா?" என்றார் ஆன்ட்டி.

விருந்துக்கு வந்திருந்த அப்பா, பாட்டு முடிந்ததும் அந்த ரோலைப் பயபக்தியோடு கையில் எடுத்தார்.

"ஐம்பது வருசத்துக் காயிதம். இத்தினி ஓட்டையோட வுட்டு வெச்சிக்கீறீங்களே... லேமினேசன் போட்டாந்துரட்டுமா?"

ஆன்ட்டி ரோலை வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டினார்.