வெல்மா வீட்டுத் திரையில் வேறொருவர் கை

எங்கள் வீட்டுக்கும் வெல்மா பென்ஹால் வீட்டுக்கும் நடுவில் அறுபது கிலோமீட்டர் உப்புச்செடியும் ஒரு வேலியும் மட்டுமே உண்டு. புழுதி அடித்த ஒரு வருடம் அந்த வேலியே எழுந்து நடந்து வெல்மா வீட்டு வாசலில் போய் நின்றது. காற்று திசை மாறிய பிறகுதான் திரும்பி வந்தது. நம்பாதவர்கள் வந்து கம்பங்களைப் பார்க்கலாம். இன்னமும் அவள் வீட்டுப் பக்கமே சாய்ந்திருக்கின்றன.

வெல்மா ரயில் பாதைத் தொழிலாளி ஒருவரின் மகள். லெஸ் பென்ஹாலைக் கட்டிக்கொண்டு இந்த ஆட்டுப் பண்ணைக்கு வந்தபோது இந்தப் பக்கம் தொலைபேசியே கிடையாது. விமானத்தில் பறந்து வரும் டாக்டரைக் கூப்பிடுவதற்காக வீட்டுக்கு ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. காலையில் டாக்டர் தன் வேலையை முடித்ததும் அதே அலைவரிசையைப் பெண்கள் பேசிக்கொள்ள விட்டுவிடுவார்கள். மரத்தில் கிளிகள் கூடிக் கத்துவது மாதிரி இருக்கிறது என்று ஆண்கள் அதற்குக் கிளி நேரம் என்று பெயர் வைத்தார்கள். பேசுவது இரண்டு பேர், கேட்பது மாவட்டம் முழுக்க. ஆனால் கேட்டதாக யாரும் காட்டிக்கொள்ளக் கூடாது. ஒருத்திக்கு நாள் தள்ளிப்போயிருக்கும் செய்தி எல்லாருக்கும் தெரிந்திருக்கும். இருந்தாலும் அவளே வந்து சொல்லும்போது வாயைப் பிளந்து ஆச்சரியப்பட வேண்டும். அதுதான் எங்கள் நாகரிகம்.

இந்த வித்தையில் வெல்மாதான் ராணி. யாராவது பேசும் பொத்தானை அழுத்திவிட்டுத் தயங்கினால், முதல் சொல் வருவதற்கு முன்பே மூச்சை வைத்து ஆளைச் சொல்லிவிடுவாள். ஒருமுறை இரண்டு மாவட்டம் தள்ளி ஒருத்தர் கொட்டாவி விட்டதைக் கேட்டு, அவருக்குக் கடைவாய்ப் பல் சொத்தை என்றாள். டாக்டர் போய்ப் பார்த்தார். சொத்தைதான்.

ஊரார் பேச்சையெல்லாம் அத்தனை காலம் கேட்டவளுக்குத் தன் சமையலறையை ஒருவர் எட்டிப் பார்ப்பது என்றால் எப்படி இருக்கும்? விஷயம் அங்கேதான் ஆரம்பித்தது.

லெஸ் சாகும்போது பண்ணையில் பாதியை வெல்மாவுக்கும் பாதியை அடிலெய்டு நகரத்தில் இருக்கும் மகள் ராஸ்லினுக்கும் எழுதிவைத்துவிட்டார். நல்ல மனிதர், ஆனால் வரைபடத்தை மேசையில் விரித்துக் குறுக்கே ஒரு கோடு போட்டார். தண்ணீர் தரும் ஆழ்துளைக் கிணறு மகளின் பாதியில் விழுந்துவிட்டது. ராஸ்லின் தன் பங்கை விற்றால் வெல்மாவின் பங்கில் பல்லிகூடத் தங்காது. மூட்டை கட்டிக்கொண்டு நகரத்தில் ஒரு முதியோர் விடுதியில் ஜன்னலோரக் கட்டிலுக்குப் போக வேண்டியதுதான். அதனால் மகள் தொலைபேசியில் பண்ணை என்று வாயெடுத்தாலே வெல்மாவின் காது நிமிரும்.

கிணற்றுத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைச் சமையலறைக் கணினி காட்டும். குளிர்பெட்டிக்குப் பக்கத்தில், ரொட்டிப் பெட்டி இருந்த இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. பண்ணையின் வரைபடம், அதில் கிணறு, தொட்டி, அதற்குள் ஏறி இறங்கும் நீலக் கோடு. சென்ற மாதம் ராஸ்லின் அழைத்து, அந்தத் திரையை அடிலெய்டிலிருந்தே தான் பார்க்க வேண்டும் என்றாள். அன்று நான் பேரீச்சம்பழம் போட்டுச் சுட்ட ஸ்கோன் பன் சாப்பிட அங்கே போயிருந்தேன்.

"அம்மா, நீ ஒண்ணும் செய்ய வேணாம். நான் சொல்றதை மட்டும் அழுத்து. செட்டிங்ஸ் போ. தொலைவிலேருந்து வர்றதை அனுமதின்னு ஒண்ணு இருக்கும்."

"இருக்கு. எதுக்கு அனுமதிக்கணும்?"

"தொட்டி காலியானா உனக்குத் தெரியாமப் போயிடும்மா. காது வேற கேக்கறதில்ல."

"காதுக்கும் தொட்டிக்கும் என்னடி சம்பந்தம்? தொட்டி கத்துமா?"

நான் படித்தவள் என்பதால் மவுஸ் என் கைக்கு வந்தது. அனுமதியைத் திறந்தேன். கணினியின் பெயரைப் படித்துச் சொன்னேன். கடவுச்சொல் வைத்தோம். கணினி தூங்கவே கூடாது என்று ராஸ்லின் சொன்னாள்.

"நான் தூங்கறப்பவும் அது முழிச்சிட்டே இருக்கணுமா? யாருக்குக் காவல்?" என்றாள் வெல்மா.

ராஸ்லின் உள்ளே நுழைந்தாள். நுழைந்த உடனே எங்கள் பக்கத்துத் திரை பூட்டிக்கொண்டது. தொட்டியும் இல்லை, வரைபடமும் இல்லை. எந்த நாட்டு ஏரியோ, அதன் பின்னால் ஒரு பனிமலை.

"பாத்தியா ஹேசல்? என் வீட்டுக்குள்ள வந்து என்னையே வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டா!"

"இல்லம்மா, அந்த வழியில அப்படித்தான். ஒரு நேரத்துல ஒருத்தர்தான் இருக்க முடியும். வேற ஒரு மென்பொருள் இருக்கு. அதுல ரெண்டு பேரும் ஒரே திரையை ஒரே நேரத்துல பாக்கலாம். நான் மவுஸ் அம்பை நகத்தினா உனக்குத் தெரியும், நீ நகத்தினா எனக்குத் தெரியும்."

அதையும் இறக்கினோம். திரையில் ஒரு நீள எண் வந்தது. அதை மகளிடம் படித்துச் சொன்னோம். அனுமதிக்கவா என்று கணினி கேட்டது. வெல்மா தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து அழுத்தினாள். உடனே அம்பு தானாக ஓடியது, ஈயை விரட்டுகிற மாதிரி விருட்டென்று. வெல்மா நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தாள்.

"ஒவ்வொரு தடவையும் நீ வந்து அழுத்திட்டிருக்க முடியாது. ஒரு நிரந்தரக் கடவுச்சொல் போட்டுடலாம். அப்புறம் நீ ஆட்டுப் பக்கம் போயிருந்தாலும் நான் வந்து பாத்துக்கலாம்" என்றாள் ராஸ்லின்.

வெல்மா என்னைப் பார்த்தாள். நான் ஸ்கோனைப் பார்த்தேன்.

"சரி" என்றாள் வெல்மா கடைசியில். "ஆனா வானொலி மரியாதைதான் இங்கயும். வந்ததும் பேரைச் சொல்லணும். சொல்லி முடிச்சா ஓவர் சொல்லணும். ஒளிஞ்சு நின்னு கேக்கறது எல்லாம் இந்த வீட்டுல கூடாது."

இதை எந்த முகத்தோடு சொன்னாள் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. திரையின் ஓரத்தில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்துவைத்தோம். ராஸ்லின் வரும்போதெல்லாம் அதில் தட்டெழுதுவாள்: நான் ராஸ்லின், வந்திருக்கேன், ஓவர். வெல்மா ஒற்றை விரலால் பதில் குத்துவாள்: தெரியுது ஓவர்.

சில வாரம் இப்படிப் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை அவளிடமிருந்து அழைப்பு.

"ஹேசல், லைன்ல வேற ஆளு இருக்கான்."

"எந்த லைன்ல?"

"திரையிலடி! வந்து பாரு. ஸ்கோன் கிடையாது, ரொட்டியும் உப்புக்கறியும்தான். ஆனாலும் வா."

போனேன். இரண்டு நாற்காலியைப் போட்டுக்கொண்டு சினிமா பார்ப்பது போல் உட்கார்ந்தோம். வெற்றுப் பக்கத்தில் யாரும் பெயர் எழுதவில்லை. ஆனால் அம்பு வந்தது. மெதுவாக, கனமாக, வரைபடத்தின் கிழக்கு எல்லை வழியே நடந்தது. கிணற்றைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. நின்றது. இன்னொரு வட்டம்.

"ராஸி கை பொறுமை இல்லாத கை. இது அவ இல்ல" என்றாள் வெல்மா அடித்தொண்டையில், அம்புக்குக் கேட்டுவிடும் என்பதுபோல். "இது சந்தையில ஆட்டு விலாவை அமுக்கிப் பாக்கறவன் கை. வாங்க வந்தவன்."

"மருமகப்பிள்ளையா இருக்கும்டி."

"அவனா? அவன் கையில மவுஸைக் குடுத்தா சீஸ் வைப்பான்."

அம்பு கிணற்றின் மேல் நின்றுகொண்டே இருந்தது. மகள் விற்கப்போகிறாள், அதுவும் அம்மாவின் சமையலறைத் திரையிலேயே சரக்கைக் காட்டி விற்கப்போகிறாள் என்று வெல்மா முடிவு கட்டிவிட்டாள். கேட்டால் மழுப்புவாள், கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்றாள். கிளி நேரத்தில் ஒட்டுக்கேட்கிறவரைப் பிடிக்க ஒரு வழி இருந்தது. காற்றில் ஒரு பொய்யை விடுவோம், மறுநாள் யார் அதைச் சுமந்துகொண்டு வருகிறார் என்று பார்ப்போம். ஆற்றைக் கடக்கும் இடத்தில் பீர் ஏற்றிய லாரி ஒன்று கவிழ்ந்துவிட்டது என்று ஒருமுறை நான் சொன்னதற்கு, ஐந்து வண்டிகளும் ஒரு பாதிரியாரும் வந்து சேர்ந்தார்கள்.

தண்ணீரின் ஆழத்தை அளக்க, தொட்டியின் அடியில் ஒரு சின்ன உலோக உருளை வயரில் தொங்குகிறது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்தால், தண்ணீர் குறைவதாகத் திரை நம்பிவிடும்.

மறுநாள் வெல்மா தேநீர்க் குடுவையும் கைவானொலியும் எடுத்துக்கொண்டு வண்டியில் தொட்டிக்குப் போனாள். திரைக்கு முன்னால் என்னை உட்கார வைத்தாள்.

"அம்பு வந்துச்சா? ஓவர்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"வந்துடுச்சு. அந்த மந்தமான கைதான். ஓவர்."

"இழுக்கறேன்."

நீலக் கோடு இறங்க ஆரம்பித்தது. முக்கால். பாதி. அம்பு ஓடிவந்து கோட்டின் மேல் நின்றது. பக்கத்தில் போனது, திரும்பி வந்தது. கால்வாசி. தொலைபேசி மணி அடித்தது. எடுக்கவே கூடாது என்று எனக்குக் கட்டளை. அது அடித்து அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. அப்புறம் அம்பு சடாரென்று பாய்ந்தது, இந்த முறை பொறுமையில்லாத கை. வெற்றுப் பக்கத்தில் எழுத்துக்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வந்தன.

நான் ராஸ்லின். அம்மா எங்க இருக்க. தண்ணி போகுது. ஓவர்

அம்மா தொட்டி மேல ஏறிடாத. விழுந்துட்டியா. ஓவர்

அம்மா ஓவர்

அம்மா ஓவர்

மணி மூன்றாம் முறை அடித்தபோது என் கை எடுத்துவிட்டது. கட்டளையை அது மறந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"ஹேசலா? அம்மா எங்க? அம்மாவுக்கு என்ன ஆச்சு?" ராஸ்லினின் குரல் அழுகையின் விளிம்பில் இருந்தது.

நான் பதில் சொல்வதற்குள் அவளுக்குப் பின்னால் ஓர் ஆண் குரல் கேட்டது. "போர்க்கிணறு செத்துப்போச்சு ராஸ்லின். அரை மணியா தொட்டி இறங்கிட்டே இருக்கு, போர்லேருந்து ஒரு சொட்டுகூட ஏறல. செத்த போருக்கு நான் பணம் குடுக்க மாட்டேன். நம்ம பேச்சு முடிஞ்சுது."

நாற்காலி நகரும் சத்தம். கதவு.

ஆக, வெல்மா சொன்னது சரிதான்.

"உங்க அம்மா தொட்டிகிட்ட டீ குடிச்சிட்டிருக்கா. நல்லாத்தான் இருக்கா" என்றேன். கைவானொலியை எடுத்து, "ஆளு போயிட்டான். நீ கீழ இறங்கு. ஓவர்" என்றேன் வெல்மாவிடம்.

திரையில் நீலக் கோடு கால்வாசியிலிருந்து ஒரே துள்ளலில் உச்சிக்குப் போனது. உருளையைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டாள். அடிலெய்டிலும் அதே கோடு அதே நொடியில் துள்ளியிருக்கும்.

"ஹேசல், தொட்டி நிறைஞ்சிருக்கு" என்றாள் ராஸ்லின் மெதுவாக.

"நிறைஞ்சுதான் இருந்துச்சு."

வெல்மா புழுதிக் காலோடு உள்ளே வந்து என் கையிலிருந்து தொலைபேசியைப் பிடுங்கினாள். ஒலிபெருக்கியைப் போடுவதில் நான் கெட்டிக்காரி.

"யாருடி அவன்?"

"வடக்குப் பக்கம் பண்ணை வச்சிருக்கறவர்மா. வாங்கறேன்னு கேட்டார். காட்டறதுல என்ன தப்புன்னு காட்டினேன்."

"பேரைச் சொல்லாம உள்ள வந்தான்."

"நீ தொட்டி காலின்னு பொய் காட்டின!"

"பொய்யைப் பாக்கணும்னு நான் உன்னைக் கூப்பிடல. நீயா வந்து பாத்த."

இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். பிறகு வெல்மா கேட்டாள், கேட்க வேண்டிய ஒரே கேள்வியை.

"இப்ப அவனைக் கூப்பிட்டு, போர் நல்லா இருக்குன்னு சொல்லப் போறியா?"

மூச்சை வைத்து ஆளைச் சொல்கிறவள் மகளின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. அவளுக்கே விடை தெரியவில்லை என்று எனக்குப் பட்டது.

"நீ விழுந்து கிடக்கறன்னு நினைச்சு நான் கத்திட்டிருக்கேன்" என்றாள் ராஸ்லின். "அந்தாளு ஒரு தடவைகூட உன்னைப் பத்திக் கேக்கலம்மா. தொப்பியை எடுத்துட்டுப் போயிட்டார். நான் கூப்பிட மாட்டேன். இந்த வருஷம் விக்கல."

"அடுத்த வருஷம்?"

"அது எனக்குத் தெரியாது."

பொய் சொல்லியிருந்தால் வெல்மாவுக்குத் தெரிந்திருக்கும். தலையை ஒருமுறை ஆட்டினாள், அது மகளின் கண்ணில் படாது என்பதை மறந்துவிட்டு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ இன்னும் உள்ளதான் இருக்கியா?"

"இருக்கேன்."

"அப்ப பாரு."

அவள் மவுஸைப் பிடித்தாள். அம்பு செட்டிங்ஸுக்குப் போனது, அங்கங்கே முட்டிக்கொண்டு, வழி கேட்டுக்கேட்டுப் போகிற மாதிரி. கேட்காமலே உள்ளே வர வழிவிடும் நிரந்தரக் கடவுச்சொல் என்ற வரிக்கு எதிரே இருந்த பெட்டியின் மேல் வந்து நின்றது. அந்தப் பக்கம் ராஸ்லினும் மவுஸில் கை வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். அவள் நினைத்தால் ஒரு தட்டில் அம்பைத் திரையின் மறுகோடிக்கு இழுத்துவிடலாம். வெல்மாவும் அதற்காகத்தான் காத்திருந்தாள். தொலைபேசி திறந்தே இருந்தது.

அம்பு அசையவில்லை.

வெல்மா அழுத்தினாள். பெட்டியிலிருந்த குறி மறைந்தது.