தாயின் அலட்சியத்தால்

அந்தச் சிறுமியின் தொண்டையைப் பொசுக்கியது எங்கள் ஆசிட். பழியை அவளுடைய தாயின் தலையில் போட்டவன் நான்.

உங்களிடம் மறைக்க இனி ஒன்றுமில்லை. ராயபுரம் பகுதிக்கு நான் பத்திரிகை நிருபர். அந்த வருமானத்தில் குடும்பம் ஓடாது. திருவொற்றியூரில் என் மனைவியின் தம்பி ஆரோக்கியம் நடத்தும் பாத்ரூம் ஆசிட் கொட்டகையில் பாதி என்னுடையது. தொழில் அவன் பெயரில் இருப்பதால் வெளியே யாருக்கும் தெரியாது.

ஆசிட்டை எதில் அடைத்தோம்? கொடுங்கையூர் குப்பைமேட்டிலிருந்து வரும் பழைய தண்ணீர் பாட்டில்களில். மூன்று சக்கர வண்டியில் தெருத்தெருவாக விற்றோம்.

ஒருநாள் கேட்டேன்: "கொஞ்சம் நீலச் சாயம் கலந்தா இன்னாடா? பாக்க தண்ணி மாதிரியே கீதே."

ஆரோக்கியம் சிரித்தான். "கலர் போட்டா, தண்ணி ஊத்திட்டான்னு சொல்லுவாங்கோ மாமா. பளிச்சுனு இருந்தாதான் ஒரிஜினலு. நீ போய் உன் பேப்பரப் பாரு."

அவன் சொன்னது உண்மை. ஜனம் அப்படித்தான் வாங்கியது. நானும் பேசாமல் இருந்துவிட்டேன்... என் பங்கு தவறாமல் வந்துகொண்டிருந்தது.

அந்தச் சிறுமியின் தாய் ஸ்டெல்லா எங்கள் வண்டியில் ஒரு பாட்டில் வாங்கி அடுப்படி மூலையில் வைத்தாள். தண்ணீர் லாரி வந்த சத்தம் கேட்டதும் குடத்தோடு ஓடினாள். வீட்டில் நான்கு வயது மகளுக்குத் தாகம்.

ஆஸ்பத்திரி வாசலில் நான் செய்தி சேகரித்துக்கொண்டிருந்தபோது ஆரோக்கியம் போனில் அழைத்தான். "நம்ம பாட்டிலுதான் மாமா. பாத்து எழுது."

பார்த்துத்தான் எழுதினேன். 'தாயின் அலட்சியத்தால் ஆசிட் குடித்த சிறுமி.' யார், எங்கே, எப்போது... எல்லாம் இருந்தது. தண்ணீர் பாட்டில் இல்லை. விற்றவன் இல்லை. லாரியும் இல்லை. அதில் ஒரு பொய்கூட இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

குழந்தை பிழைத்தாள். இன்றுவரை கஞ்சித் தண்ணீர்தான் இறங்குகிறது.

போன மாதம் ஸ்டெல்லா சர்ச் வாசலில் என்னை நிறுத்தினாள்.

"அண்ணா, நீதான அத்த எழுதுன? அந்த ஒரு வார்த்தைய மட்டும் எடுத்துட்டு இன்னொரு வாட்டி போடுண்ணா. மாமியாரு அந்தப் பேப்பர வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டிகினு கீது. கொயந்தைய என்னாண்ட வுட மாட்டேங்குது."

"வந்த செய்திய மாத்த முடியாதும்மா," என்றேன்.

முடியும். திருத்தம் என்று மூன்று வரி போதும். மற்றவர்களுக்காக அப்படி எழுதிக் கொடுத்தவன்தான் நான்.

அவள் கோபப்படவில்லை. "வுடுண்ணா... என் தப்பும்தான கீது," என்றாள்.

இல்லையம்மா என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஏன் சொல்லவில்லை? பயம் என்றால் நீங்கள் இரக்கப்படக்கூடும். பயமில்லை. கொட்டகையை மூடினால் என்ன நஷ்டம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு உள்ளே போய், பாதிரியாரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். குடியைச் சொன்னேன், கோபத்தைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை.

இன்று காலையும் எங்கள் வண்டி அவள் தெருவுக்குப் போயிருக்கும். அதே பாட்டில்கள், அதே பளிச்சென்ற ஆசிட்.

உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த மூன்று வரியைப் பத்திரிகைக்கு இன்னும் அனுப்பவில்லை.