காத்தமுத்து என்னோடுதான் இருந்தார்

பொய் சொன்னேன். போலீசாரிடம், என் தகப்பனார் முன்னிலையில், கூசாமல் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் கால்களில்லாத ஒரு மனிதர் சிறைக்குப் போனார். படித்துவிட்டு நீங்கள் என்னைக் காறித் துப்பலாம். அதற்காகவே எழுதுகிறேன் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயர் காத்தமுத்து. நீடாமங்கலத்துக்குத் தெற்கே எங்கள் பண்ணையில் வேலை செய்தவர். சேறடிக்கும்போது எங்கள் டிராக்டரின் இரும்புச் சக்கரத்தில் சிக்கி, முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களையும் இழந்தார். அந்நாளில் அவரை 'அவன்' என்றுதான் சொல்வேன். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன்... எழுதி என்ன ஆகப்போகிறது?

நானும் கால் சரியில்லாதவன்தான். சிறுவயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் வலது கால் சூம்பிப்போனது. மிராசுதார் வீட்டுப் பிள்ளை என்பதால் என்னை யாரும் முகத்துக்கு நேரே நொண்டி என்று சொன்னதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்களைச் சேர்த்துவைத்தது ஒரு விளையாட்டு. தரங்கம்பாடிப் பக்கமிருந்து மாதம் ஒருமுறை வந்து எங்களைப் போன்றவர்களைப் பார்க்கும் வெள்ளைக்கார நர்சம்மா ஒருவர் அதைச் சொன்னார். அவருடைய ஊரில் குளிர்காலத்தில் ஏரி உறைந்து பாறையாகிவிடுமாம். கால் போனவர்கள் சறுக்குப் பலகையில் உட்கார்ந்து, இரு கைகளிலும் குட்டைக் கோல்களை ஊன்றித் தள்ளிக்கொண்டு, அந்தப் பனிக்கட்டிமேல் ஹாக்கி ஆடுவார்களாம்! படம்கூட வைத்திருந்தார். காத்தமுத்து அந்தப் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பனிக்கட்டிக்கு நாங்கள் எங்கே போவது? எங்கள் அரிசி ஆலையில் நெல் காயப்போடும் சிமெண்டுக் களம் இருந்தது. அதில் தவிட்டைத் தூவித் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கேறி வழுக்கும் என்று கண்டுபிடித்தவர் அவர்தான். பலகைக்கு அடியில் இரண்டு இரும்புப் பட்டைகள். கோலின் ஒரு நுனியில் ஊன்ற ஆணி. மறுநுனியில் அடிக்க ஒரு தட்டை வளைவு. பந்துக்குப் பதில், ஆலையில் தேய்ந்துபோன ரப்பர் உருளையிலிருந்து அறுத்த வட்டு. ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு விடுமுறை; அப்பாவும் தஞ்சாவூர் போய்விடுவார். வாதத்தில் கால் விழுந்த இன்னும் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு ஆடுவோம்.

அந்தக் களத்தில் நான் சின்னய்யா இல்லை. "ஏ கோபாலு, வட்டைப் பார்றா" என்பார் காத்தமுத்து. தோளால் இடித்துக் கவிழ்ப்பார். நான் விழுந்தால் விழுந்து விழுந்து சிரிப்பார். இருபத்தாறு வயது வரை என்னை யாரும் இடித்ததில்லை... பாவம் பார்த்து ஒதுங்கியவர்களே அதிகம். அவர் என்னை ஓர் ஆளாக மதித்து இடித்தார். அந்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வேன்!

ஆனால் வெளியே தெரிந்தால்? மிராசுதார் மகன் சேரிக்காரரோடு ஒரே தரையில் உட்கார்ந்து, உடம்போடு உடம்பு உரசி ஆடுகிறான் என்று அப்பாவின் காதுக்குப் போனால்? அதுதான் என் கவலையெல்லாம்.

அப்போது அறுபத்தேழில் ஆட்சி மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நில உச்சவரம்பு, குத்தகைப் பாதுகாப்பு என்று மேடையெல்லாம் பேச்சு. வயலில் மட்டும் பழைய கூலியே நீடித்தது. அந்தத் தை அறுவடையில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தார் கூலிநெல்லைக் கூட்டிக் கேட்டார்கள். அவர்களுக்காகப் பேசியவர் காத்தமுத்து. ஒரு ஞாயிறு மத்தியானம் என் பெரியப்பாவின் நெற்போர் பற்றி எரிந்தது. காத்தமுத்து வாய்க்கால் கரையில் இருந்துகொண்டு ஆட்களை ஏவியதைக் கண்ணால் கண்டதாகப் பெரியப்பாவின் காரியக்காரர் போலீசில் எழுதிக்கொடுத்தார்.

அந்த நேரத்தில் காத்தமுத்து என் எதிரே பலகையில் உட்கார்ந்திருந்தார். அன்று மற்ற இருவரும் வரவில்லை. நாங்கள் இருவர் மட்டுமே ஆடினோம். அதற்கு என்னைத் தவிர வேறு சாட்சி இல்லை.

மறுநாள் காலை ஜீப் எங்கள் வாசலில் வந்து நின்றது. பின்னால் அவரை உட்காரவைத்திருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து, அப்பாவின் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"என்னமோ உளறுறான் ஐயா. நேத்து மத்தியானம் உங்க ஆலையில சின்னவரோட விளையாடிக்கிட்டு இருந்தானாம். அவரையே கேட்டுப் பாருங்கங்கிறான்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"விளையாட்டா? இவன்கூடவா?" என்றேன்.

அப்பா சிரித்தார். சப்-இன்ஸ்பெக்டர் சிரித்தார். நானும்... ஆம், நானும் சிரித்தேன்.

களத்தைப் போய்ப் பாருங்கள், தவிடு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று காத்தமுத்து ஜீப்பிலிருந்து கத்தியிருக்கலாம். கத்தவில்லை. ஒருவேளை நான் யோசித்துவிட்டுப் பின்னால் வருவேன் என்று நம்பினாரோ? அன்று மாலையே நான் களத்தைக் கழுவிவிட்டேன். பலகைகளையும் கோல்களையும் ஆலையின் உலையில் போட்டேன். அவருடைய பலகை எரிய வெகுநேரம் ஆனது.

நான்கு வருடம் உள்ளே இருந்தார். திரும்பி வந்தபின் ஒருநாள் நீடாமங்கலம் ஸ்டேஷன் வாசலில் எதிர்ப்பட்டார். என்னைக் கவிழ்த்த தோள்கள் இரண்டும் வற்றியிருந்தன. நான் நின்றேன்.

"சௌக்கியங்களா சின்னய்யா?" என்றார்.

ஒரு வசவு வைதிருக்கக்கூடாதா! ஒரு தடவை கோபாலு என்று கூப்பிட்டுவிட்டு வைதிருந்தால்கூட மகிழ்ந்திருப்பேன். அடுத்த குறுவைக்குள் அவர் இறந்துபோனார். நான் சாவுக்குப் போகவில்லை.

அப்பாவுக்குப் பயந்தேன், சாதிசனத்துக்குப் பயந்தேன் என்று இத்தனை காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அதையும் முழுதாக நம்பிவிடாதீர்கள்.

சென்ற ஆண்டு கனடாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். என் காலை உத்தேசித்து அவள் என்னை ஒரு பனி அரங்கத்துக்கு அழைத்துப்போனாள். கால் இழந்த ஆண்களும் பெண்களும், தலை நரைத்தவர்கள் உட்பட, சறுக்குப் பலகைகளில் இடித்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் ஆடினார்கள். ஆட்டம் முடிந்ததும் என்னையும் ஒரு பலகையில் உட்காரவைத்துக் கோல்களைத் தந்தார்கள். பாழும் கைகள்... எதையுமே மறக்கவில்லை! ஊன்றித் தள்ளினேன், வட்டு என் கோலோடு ஓடிவந்தது. மகள் ஓரத்தில் அசந்து நின்றாள்.

"முன்னாடியே ஆடியிருக்கீங்களாப்பா? யாரு சொல்லிக்குடுத்தா?"

அப்பா செத்து முப்பது வருடமாகிறது. பெரியப்பா இல்லை. ஜீப் இல்லை. ஊரும் இல்லை. கேட்டவள் என் மகள். ஒரு பெயர் சொன்னால் போதும்...

"யாரும் இல்லம்மா" என்றேன்.