இடித்து அடைத்த படகு

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நினைத்தாலே பல்லைக் கடிக்கத் தோன்றுகிற விஷயத்தை உட்கார்ந்து எழுதவும் செய்ய வேண்டுமா? ஆனால் ஊரில் ஆளாளுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். படகை நான்தான் உடைத்தேன் என்று டீக்கடையில் ஒருத்தர் தலையில் அடித்துச் சத்தியமே செய்தாராம். அதனால் எழுதுகிறேன்.

தாயில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருப்பவர் என் தாய்மாமா. அவருக்கு ஒரு பைபர் படகு உண்டு. மழையில்லாத வருடங்களில் அது கரையில் கவிழ்ந்தே கிடக்கும். மேலே ஆடு ஏறும், உள்ளே கோழி முட்டையிடும். இந்தத் தடவை பெய்த மழையில் கண்மாய் நிறைந்து வழிந்து மறுகால் போனது. மாமாவுக்குப் படகு ஞாபகம் வந்து போய்ப் பார்த்தால், வெயிலில் காய்ந்து அடிப்பக்கம் ஒரு முழத்துக்கு வெடித்திருந்தது.

என்னைக் கூப்பிட்டார். "ஏலே, இதச் சரி பண்ணி மெதக்க விட்டேன்னா சீசன் பூராம் மீன் வேலை ஒனக்கு. இல்லேன்னா விருதுநகர் வத்தல் மண்டிக்குப் போயி மூடை தூக்கு. ஒன்ன ஒக்கார வச்சுச் சோறு போட எங்கக்கா என்ன சத்திரமா நடத்துதா?"

அந்த மிளகாய் வத்தல் மண்டிக்கு ஏற்கெனவே ஒரு தடவை போயிருக்கிறேன். மூடையைத் தொட்டால் தும்மல், இறக்கினால் தும்மல். வத்தல் தொட்ட கையால் கண்ணைக் கசக்கிவிட்டு, அழுதுகொண்டே மத்தியான பஸ்ஸில் திரும்பி வந்தேன். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து கண்டக்டர் எனக்கு சீட் பிடித்துக் கொடுத்தார். அங்கே மறுபடி போவதா? படகு மிதந்தே ஆக வேண்டும்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்தான் நான், ஆனால் போனில் வீடியோ பார்ப்பதற்குப் படிப்பா வேண்டும்? அதில் ஒருத்தர் சப்பாத்தி மாவு மாதிரி ஒரு ரப்பரைப் பிசைந்து படகில் ஒட்டிக்கொண்டிருந்தார். சின்னச் சின்னப் பொட்டலமாக வரும். பிரித்ததும் களி போல இருக்கும், காற்றுப் பட்டு மறுநாளைக்குள் நல்ல கெட்டி ரப்பராகிவிடும். உடனே ஆர்டர் போட்டேன். கொண்டுவந்த பையன் போனில், "கண்மாய்க்கரைன்னா எந்தத் தெருண்ணே?" என்றான். "தண்ணி கெடக்குற தெரு தம்பி" என்றேன். போனை வைத்துவிட்டான். பிறகு நானே போய்க் கெஞ்சி வாங்கி வந்தேன்.

வெடிப்பைச் சுற்றித் தேய்த்துக் கழுவி, ஈரம் போகக் காயவைத்தேன். பொட்டலத்தைப் பிரிக்கப் போகும்போது மாமா சிவகாசிக்குப் போய் வலை வாங்கி வரச் சொன்னார். இப்போதே போக வேண்டுமாம். மாமாவிடம் நேரம் காலம் பேச முடியுமா?

என் கூட்டாளியை விட்டுவிட்டுப் போனேன். அவன் பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்பவன். தீபாவளி முடிந்து கம்பெனி இன்னும் திறக்கவில்லை, சும்மாதான் இருந்தான். புஸ்வாணக் குழாயின் அடியில் களிமண்ணை வைத்துக் கட்டையால் இடித்து இடித்து அடைப்பதுதான் அவன் வேலை.

"லே, வெடிப்புக்கு மேல பரப்பி ஒட்டணும். ரெண்டு பக்கமும் நாலு விரல் அகலம் வரணும். ஓரத்தத் தேச்சு வளவளன்னு விடணும். வெளங்குச்சா?"

"போடா, எனக்கே அடைக்கச் சொல்லித் தாரியா?" என்றான்.

அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். பஸ் ஏறிவிட்டேன்.

சாயங்காலம் வலையோடு வந்து பார்க்கிறேன். ஒட்டிய இடமே தெரியவில்லை. அத்தனை பொட்டலத்தையும் வெடிப்புக்குள் திணித்து, கட்டையை வைத்து, சுத்தியலால் இடித்து இறக்கியிருக்கிறான். மேலே ஒரு பொட்டுக்கூடப் பரப்பவில்லை. இடித்த இடியில் ஒரு முழ வெடிப்பு ஒன்றரை முழமாகியிருந்தது. படகுக்கு உள்ளே குனிந்து பார்த்தால், உள்ளே போன ரப்பர் கன்றுக்குட்டி நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. பிடுங்கிப் பார்த்தேன். அதற்குள் பாதி இறுகிவிட்டது, வரவில்லை.

"என்னலே பண்ணி வச்சிருக்க?"

"எம்புட்டு இறுக்கமா இருக்குன்னு தட்டிப் பாரு. எங்க போர்மேன் பாத்தாருன்னா கையெடுத்துக் கும்புடுவாரு."

"அது குழாய்லே! இது படகு! குழாய்ல எவனாச்சும் ஏறி ஒக்காருவானா?"

"குழாய்க்குள்ள தீயவே வைக்காக. தாங்குது. இது வெறும் தண்ணி."

கட்டையைப் பிடுங்கித் தூர எறிந்தேன்.

மறுநாள் காலையில் மாமா வந்துவிட்டார், கூடவே மீன் வியாபாரியும். "மாமா, இன்னுங் கொஞ்சம் ரப்பர் வாங்கி மேல ஒட்டணும், ரெண்டு நா பொறுங்க" என்றேன். மாமா வெடிப்பை விரலால் சுண்டினார். "கல்லு மாதிரி இருக்கு. இதுக்கு மேல என்னத்த ஒட்டப் போற? தள்ளுலே" என்றார். கூட்டாளி என்னைப் பார்த்து மீசையில்லாத இடத்தைத் தடவினான்.

நிமிர்த்தித் தள்ளினோம். மிதந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கே ஒரு சந்தோசம் வந்துவிட்டது. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். மாமா என்றால் ரெண்டு ஆள் எடை. அடிப்பக்கம் அமுங்கி, வெடிப்பு லேசாக வாயைத் திறந்தது. இடித்து அடைத்த ரப்பர் அப்படியே முழுசாகக் கழன்று, ஒரு பாம்பு போல மிதந்து போனது. பின்னாலேயே தண்ணீர்.

இடுப்பளவு தண்ணீர்தான், ஆபத்தில்லை. ஆனால் மாமா எழுந்திருக்கவில்லை. படகு அடியில் போய் உட்காரும்வரை அவரும் மரியாதையாக உட்கார்ந்தே இருந்தார். நெஞ்சுவரை நனைந்த பிறகு, கரையில் சிரிக்காமல் நிற்கப் பாடுபட்ட வியாபாரியைப் பார்த்து, "ஆளம் சரியாத்தான் இருக்கு" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குக் காலைல மொத பஸ்சு. மண்டில நாஞ் சொல்லி வச்சிருக்கேன்."

மாமா ஈர வேட்டியோடு போனபின் கரையில் நானும் கூட்டாளியும் மட்டும் நின்றோம்.

"ஒன்னாலதாம்லே எம் பொழப்பு போச்சு. திரும்பவும் அந்த வத்தல் மூடைல போயி தும்மச் சொல்லுதியா?" என்று அவன் சட்டையைப் பிடித்தேன்.

அவன் சட்டையை விடுவித்துக்கொண்டு, ரொம்ப அக்கறையாகச் சொன்னான்: "அடுத்த வாரம் கம்பெனி தெறக்காக, மண்ணு இடிக்க ஆளு பத்தலையாம், வாரியா நாஞ் சொல்லித் தாரேன்."